திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க உங்கள் கணினியைத் தயார்செய்யும் முறை

திறமூலத் திட்டம் ஒன்றுக்குப் பங்களிக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது, தம்மால் தீர்க்கக்கூடிய ஒரு வழுவைத்தான். அந்தத் தேடலைச் சற்றுத் தள்ளிவைக்கலாம். அதற்கு முன்பு முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: திட்டத்தின் மூலநிரலை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்து, உங்கள் கணினியில் பில்டு செய்து (அதாவது, ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றி), அதனுடன் வரும் சோதனைகளை ஓட்டி, எவை தேறுகின்றன, எவை தோல்வியடைகின்றன என்று குறித்துக்கொள்வது. இந்த அடிப்படை நிலை தெரியாமல் நிரலில் கை வைத்தால், பிறகு தோன்றும் ஒவ்வொரு பிழையின் முன்பும் அது நம் மாற்றத்தால் வந்ததா, முன்பே இருந்ததா, நம் கணினியின் குறையா என்ற ஐயம் எழும். அதற்கு விடை காண்பதிலேயே பொழுது கழியும். பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட் என மொழி எதுவானாலும் அந்த நிலையை அடையும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் படிக்க வேண்டிய கோப்புகள்

திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடமே களஞ்சியம். அதன் முகப்பில் இருக்கும் ‘ரீட்மீ’ கோப்பு பெரும்பாலும் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்காக எழுதப்பட்டது. அதில் உள்ள நிறுவும் முறையைப் பின்பற்றினால் வெளியிடப்பட்ட பதிப்புதான் உங்கள் கணினிக்கு வந்து சேரும்; நீங்கள் திருத்தப்போகும் மூலநிரல் அதனுடன் எந்தத் தொடர்பும் இல்லாமல் ஓர் ஓரத்தில் கிடக்கும். பங்களிப்பாளர்களுக்கான குறிப்புகள் ‘காண்ட்ரிபியூட்டிங்’ என்ற பெயரிலோ, ஆவணங்களுக்கான கோப்புறையில் ‘ஹேக்கிங்’, ‘டெவலப்மெண்ட்’ போன்ற பெயர்களிலோ இருக்கும். தேவையான கருவிகள், நிரல் எழுதும் பாணி, கமிட் (வரலாற்றில் பதியும் ஒரு மாற்றம்) ஒன்றுக்கு எழுதும் செய்தியின் வடிவம், மாற்றத்தை அனுப்பும் வழி ஆகியவை அங்கேதான் சொல்லப்பட்டிருக்கும்.

அனுப்பும் வழி எல்லாத் திட்டங்களுக்கும் ஒன்றல்ல. கிட்ஹப் தளத்தில் உள்ள திட்டங்கள் பொதுவாகப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பம்) மூலம் மாற்றங்களைப் பெறுகின்றன. லினக்ஸின் மேசைச் சூழல்களான க்னோம், கேடிஇ ஆகிய இரண்டும் தமக்கென கிட்லேப் தளங்களை நடத்துகின்றன. மீடியாவிக்கி, ஆண்ட்ராய்டு போன்றவை கெரிட் என்ற மதிப்பாய்வுக் கருவியைப் பயன்படுத்துகின்றன. லினக்ஸ் இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கோ இன்றும் மின்னஞ்சலில்தான் திருத்தங்கள் செல்கின்றன. எந்த இடத்தில் கணக்குத் தொடங்க வேண்டும், ‘கிட் செண்ட்-ஈமெயில்’ போன்ற துணைக்கருவி வேண்டுமா என்பவை இதைப் பொறுத்தே அமைவதால், கணினியில் எதையும் நிறுவுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எழுதிவைத்த ஆவணம் பழையதாகிவிடுவது எல்லாத் திட்டங்களிலும் நடக்கிறது. அதைக் குறையாகச் சொல்வதிலும் பயனில்லை, ஏனெனில் பராமரிப்பாளர்கள் தம் கணினியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தயார்செய்து முடித்தவர்கள். ஆனால் அதே களஞ்சியத்தில் பழையதாகவே முடியாத ஓர் ஆவணம் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் தானாக ஓடும் சோதனைகளுக்கான அமைப்புக் கோப்புதான் அது. கிட்ஹப்பில் மறைந்த ‘கிட்ஹப்’ கோப்புறைக்குள் ‘ஒர்க்ஃப்ளோஸ்’ என்ற பிரிவிலும், கிட்லேப்பில் ‘கிட்லேப்-சிஐ’ என்ற கோப்பிலும் அதைக் காணலாம். எந்த இயக்குதளத்தின் எந்தப் பதிப்பு, எந்த மொழியின் எந்தெந்தப் பதிப்புகள், முன்கூட்டியே நிறுவ வேண்டிய தொகுப்புகள் எவை, எந்தக் கட்டளை எதற்குப் பின் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வெற்றுக் கணினி ஒன்றில் தொடங்கிச் சோதனை முடியும்வரை செய்யவேண்டிய அனைத்தும் அதில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தானியங்கிச் சோதனையே ஓடாது. வழிகாட்டி ஒன்று சொல்லி இக்கோப்பு வேறொன்று சொன்னால், இக்கோப்பை நம்புங்கள்.

இயக்குதளம்

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இங்கே அதிக வேலையில்லை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘பில்ட்-எசென்ஷியல்’ தொகுப்பை நிறுவினால் மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் சி, சி++ கம்பைலர்களும், பில்டை நடத்தும் ‘மேக்’ கருவியும் வந்துவிடும். மேக் கணினியில் ‘எக்ஸ்கோட்-செலக்ட்’ கட்டளையை ‘இன்ஸ்டால்’ விருப்பத்துடன் கொடுத்தால் ஆப்பிளின் கட்டளைவரிக் கருவிகள் கிடைக்கும். எஞ்சியவற்றை ஹோம்புரூ என்ற தொகுப்பு நிறுவும் கருவி மூலம் நிறுவிக்கொள்ளலாம்.

விண்டோஸில் இரண்டு பாதைகள் உள்ளன. திட்டம் விண்டோஸுக்கே உரியது என்றாலோ, நீங்கள் தீர்க்கப்போவது விண்டோஸில் மட்டும் தோன்றும் வழு என்றாலோ, விஷுவல் ஸ்டுடியோவின் பில்டு கருவிகளை நிறுவி அங்கேயே வேலை செய்யுங்கள். மற்றபடி விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் லினக்ஸுக்கான விண்டோஸ் துணை அமைப்பு, அதாவது டபிள்யூஎஸ்எல், பல தொல்லைகளைத் தவிர்க்கும். அதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. மூலநிரலை விண்டோஸின் சி டிரைவில் வைத்துக்கொண்டு டபிள்யூஎஸ்எல் இரண்டாம் பதிப்பிலிருந்து அணுகினால், ஒவ்வொரு கோப்பும் இரண்டு அமைப்புகளுக்கு இடையே உள்ள எல்லையைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் பில்டு வெகுவாகத் தாமதமாகும். களஞ்சியத்தை லினக்ஸ் பக்கத்து முகப்புக் கோப்புறைக்குள் வைத்தால் இந்தத் தாமதம் இராது.

வரிமுடிவுக் குறியீடுகளும் விண்டோஸில் இடர் தரும். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறியீடுகளை இடுகிறது. லினக்ஸும் மேக் கணினியும் ஒன்றை மட்டுமே இடுகின்றன. உங்கள் எடிட்டர் சத்தமில்லாமல் இதை மாற்றிவிட்டால், ஒரே ஒரு வரியைத் திருத்திய கோப்பு முழுவதுமே மாறியதாகப் பராமரிப்பாளருக்குத் தெரியும். களஞ்சியத்தில் ‘கிட்ஆட்ரிபியூட்ஸ்’, ‘எடிட்டர்கான்ஃபிக்’ கோப்புகள் இருந்தால் அவையே பெரும்பாலும் இதைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் எடிட்டர் இரண்டாவதை மதிக்கும்படி அமைந்திருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எடிட்டர் எது என்பது உங்கள் விருப்பம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கிட், அடையாளம், சாவி

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதிய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட், இன்று பெரும்பாலான திறமூலத் திட்டங்களின் வரலாற்றைத் தாங்குகிறது. அதை நிறுவியதும் ‘கிட் கான்ஃபிக்’ கட்டளையால் உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிய வேண்டும். இந்த முகவரி ஒவ்வொரு கமிட்டிலும் பதிந்து, களஞ்சியத்தை நகலெடுக்கும் ஒவ்வொருவர் கணினிக்கும் சென்றுவிடும். பிறகு அதை அழிப்பது நடைமுறையில் இயலாது. சொந்த முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்று கருதுபவர்கள், கிட்ஹப்பும் கிட்லேப்பும் இதற்கெனவே தரும் மறைமுகவரியைப் பயன்படுத்தலாம். ஆனால் சில திட்டங்கள் உண்மையான முகவரியையே கேட்கும். லினக்ஸ் கெர்னல் 2004இல் கொண்டுவந்த மூலச் சான்று முறையைப் பின்பற்றும் திட்டங்களில், ‘இதை வழங்க எனக்கு உரிமை உண்டு’ என்பதற்குச் சான்றாக ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் ‘சைண்டு-ஆஃப்-பை’ என்ற வரி இருக்க வேண்டும். ‘கிட் கமிட்’ கட்டளைக்குச் சிறிய ‘எஸ்’ விருப்பத்தைக் கொடுத்தால் பதிந்துவைத்த பெயரையும் முகவரியையும் கொண்டு அது தானாகவே சேர்ந்துவிடும்.

கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல், கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. ஆகவே கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்வது எளிய வழி. ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளையில் ‘ஈடி25519’ வகையைத் தேர்ந்தெடுத்தால், பொதுச் சாவி, தனிச் சாவி என இரண்டு கோப்புகள் உருவாகும். ‘பப்’ என்று முடியும் பொதுச் சாவியின் உள்ளடக்கத்தை மட்டுமே தளத்தில் ஒட்ட வேண்டும். தனிச் சாவிக்கு ஒரு கடவுத்தொடர் இடுங்கள். இணைப்பைச் சோதிக்கும்போது கிட்ஹப் உங்கள் பயனர்பெயரைச் சொல்லி வரவேற்று, முனைய அணுகல் வழங்கப்படுவதில்லை என்றும் கூறும். அது பிழையன்று, எல்லாம் சரியாக அமைந்ததற்கான அடையாளம்.

மூலநிரலைக் கொண்டுவருதல்

அறிமுகமில்லாத திட்டத்தின் முதன்மைக் களஞ்சியத்தில் எழுதும் உரிமை உங்களுக்கு இராது. எனவே தளத்தில் உங்கள் கணக்கின் கீழ் ஒரு ஃபோர்க் (களஞ்சியத்தின் உங்களுக்கான நகல்) உருவாக்கி, அதை ‘கிட் குளோன்’ மூலம் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது ஃபோர்க்குக்கு ‘ஆரிஜின்’ என்ற பெயர் தானாக அமையும். முதன்மைக் களஞ்சியத்தையும் ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் ‘கிட் ரிமோட் ஆட்’ கட்டளையால் சேர்த்துவிடுங்கள். அப்ஸ்ட்ரீமிலிருந்து எடுப்பது, ஆரிஜினுக்கு அனுப்புவது என்ற ஒழுங்கைத் தொடக்கத்திலேயே பழக்கிக்கொண்டால் பின்னர் குழப்பம் வராது. முதன்மைக் கிளையில், அதாவது திட்டத்தின் முக்கிய மாற்ற வரிசையில், நேரடியாக வேலை செய்யாமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கிளை தொடங்குங்கள்.

பெரிய களஞ்சியங்களைப் பதிவிறக்கப் பொறுமை வேண்டும். லினக்ஸ் கெர்னலின் வரலாற்றில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்டுகள் உள்ளன. ‘டெப்த்’ விருப்பத்துக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்தால் கடைசிக் கமிட் மட்டும் வரும். பில்டு செய்து பார்ப்பதற்கு அது போதும். ஆனால் ஒரு வரியை யார், எதற்காக எழுதினார் என்று ‘கிட் பிளேம்’ மூலம் பார்க்கவோ, வழு நுழைந்த கமிட்டை ‘கிட் பைசெக்ட்’ மூலம் தேடவோ முடியாது. பங்களிப்பவருக்கு இவ்விரண்டும் அன்றாடக் கருவிகள். ஆகவே ‘ஃபில்டர்’ விருப்பத்தில் ‘பிளாப்:நன்’ என்று கொடுத்து, கமிட் வரலாறு முழுவதையும் பெற்றுக்கொண்டு, பழைய கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கிக்கொள்வதே மேலானது.

சார்பு நூலகங்கள்

புதியவர்கள் மனம் தளர்ந்து விலகுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். காரணம், சார்பு நூலகங்களில் (திட்டம் நம்பியிருக்கும் பிறருடைய நிரல்களில்) இரண்டு அடுக்குகள் உள்ளன. ஒரு பிழைச் செய்தி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பிரித்தறியாமல் தீர்வு தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

முதல் அடுக்கு இயக்குதளத்தைச் சேர்ந்தது. ‘ஓபன்எஸ்எஸ்எல்’ நூலகம் கணினியில் இருப்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் அந்நூலகத்தில் உள்ளவற்றைக் கம்பைலருக்கு அறிவிக்கும் தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று கம்பைலர் நின்றுவிடும். லினக்ஸ் வழங்கல்கள், ஒரு நூலகத்தை ஓட்டத் தேவையானவற்றை ஒரு தொகுப்பாகவும், அதைக் கொண்டு பில்டு செய்யத் தேவையான தலைப்புக் கோப்புகளை வேறொரு தொகுப்பாகவும் பிரித்து வைப்பதே இதற்குக் காரணம். இரண்டாவது வகைத் தொகுப்பின் பெயர் டெபியன், உபுண்டுவில் ‘டெவ்’ என்றும், ஃபெடோராவில் ‘டெவெல்’ என்றும் முடியும். நீங்கள் பங்களிக்கப்போகும் மென்பொருள் உங்கள் வழங்கலிலேயே ஒரு தொகுப்பாக இருந்தால், டெபியனில் ‘ஆப்ட் பில்ட்-டெப்’ கட்டளையும் ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் பில்ட்டெப்’ கட்டளையும் அதற்கு வேண்டியவற்றை ஒரே வீச்சில் நிறுவிவிடும். டெபியனில் இதற்கு மூலத்தொகுப்புகளின் பட்டியல் முன்பே இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது அடுக்கு மொழியைச் சேர்ந்தது. இதில் ஒரே விதி: திட்டத்துக்குத் திட்டம் தனிச் சூழல். பைத்தான் 3.3 பதிப்பு முதல் ‘வென்வ்’ என்ற மெய்நிகர்ச் சூழல் கருவி மொழியுடனேயே வருகிறது. களஞ்சியத்துக்குள் ஒரு சூழலை உருவாக்கி, அதை இயக்கிவிட்டு, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் ‘பிப்’ கட்டளையைத் திருத்தநிலை விருப்பத்துடன் கொடுத்தால், நிறுவப்படுவது நகலாக இல்லாமல் உங்கள் மூலநிரலையே சுட்டுவதாக அமையும்; திருத்திய வரி அடுத்த ஓட்டத்திலேயே செயல்படும். 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதல், இயக்குதளத்தின் பைத்தானுக்குள் ‘பிப்’ கொண்டு நேரடியாக நிறுவ முயன்றால் அது மறுக்கும். அந்த மறுப்பை மீறும் விருப்பமும் உண்டு; இணையத்தில் பலர் அதையே தீர்வாகச் சொல்கிறார்கள். இயக்குதளத்தின் சொந்தக் கருவிகள் அதே பைத்தானை நம்பியிருப்பதால் அந்த ஆலோசனையைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில், அம்மொழியை ஓட்டும் நோடின் பதிப்பு ‘என்விஎம்ஆர்சி’ கோப்பில் குறிக்கப்பட்டிருந்தால் ‘என்விஎம்’ மூலம் அதே பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். பிறகு ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்பதற்குப் பதிலாக ‘என்பிஎம் சிஐ’ கொடுங்கள். முன்னது, நூலகங்களின் துல்லியமான பதிப்புகளைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பை மாற்றக்கூடும். அந்தத் தற்செயல் மாற்றம் உங்கள் கமிட்டில் நுழைந்து, மதிப்பாய்வு செய்பவருக்கு ஆயிரக்கணக்கான வரிகளைக் காட்டும். பின்னது பூட்டுக் கோப்பில் உள்ளதை உள்ளபடி நிறுவும். ரஸ்ட் திட்டங்களில் ‘ரஸ்ட்-டூல்செயின்’ கோப்பு இருந்தால் ‘ரஸ்டப்’ தானாகவே உரிய பதிப்பைத் தேர்ந்துகொள்கிறது. இவ்வகையில் அது மிகவும் வசதியானது.

சில திட்டங்கள் டாக்கர் கொள்கலனுக்கான (மென்பொருளும் அதன் தேவைகளும் தனித்து ஓடும் சூழலுக்கான) வரையறையையே களஞ்சியத்தில் வைத்திருக்கும். தரவுத்தளம், தேடுபொறி, வரிசைச் சேவையகம் எனப் பல சேவைகள் சேர்ந்து ஓடும் மென்பொருளுக்கு அது உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு சிறிய நூலகத்துக்கு அது தேவையற்ற சுமை. பிழைதிருத்தியை இணைப்பதிலும் கோப்பு உரிமைகளிலும் புதிய சிக்கல்களைக் கொண்டுவரும். இருப்பினும் கொள்கலனுக்கு மற்றொரு பயன் உண்டு. பில்டு செய்வதும் பிறர் எழுதிய நிரலை உங்கள் கணினியில் ஓட்டுவதே. 2024 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் சம்பவத்தில், பின்கதவை (இரகசிய நுழைவழியை) புகுத்தும் வேலையைச் செய்தது வெளியீட்டுக் கோப்புகளுடன் வந்த பில்டு நிரல்தான். அதிகம் அறியப்படாத திட்டங்களைக் கொள்கலனிலோ மெய்நிகர்க் கணினியிலோ வைத்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

பில்டும் சோதனையும்

பைத்தான் மொழியின் மூலநிரலையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம். அதன் பில்டு அதிக நேரம் எடுக்காது, பார்க்க வேண்டியவை எல்லாம் அதில் உள்ளன. ‘கான்ஃபிகர்’ கட்டளையை ‘வித்-பைடீபக்’ விருப்பத்துடன் ஓட்டினால், உள்ளே பல கூடுதல் சரிபார்ப்புகள் கொண்ட பிழைதிருத்தப் பதிப்பு அமையும். பங்களிப்பவருக்கு வேண்டியது அதுவே. பயனர்களுக்கான வேகமான பதிப்பு உங்கள் தவறுகளை மறைத்துவிடும். அடுத்து ‘மேக்’. அதற்கு ‘ஜே’ விருப்பத்தைக் கொடுக்கும்போது உங்கள் செயலியின் கருக்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். எண் இல்லாமல் கொடுத்தால் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கு வரம்பே இராது. பெரிய சி++ திட்டங்களில் நினைவகம் தீர்ந்து கணினி உறைந்துவிடும்.

‘மேக்’ பிழையின்றி முடிந்தது என்பதால் எல்லாம் சரி என்று கொள்ள வேண்டாம். ஏதேனும் நூலகத்தின் தலைப்புக் கோப்பு இல்லாவிட்டால், அதை நம்பிய கூறு மட்டும் விடுபட்டு, பைத்தான் பில்டு வெற்றிகரமாகவே முடியும். விடுபட்டவற்றின் பட்டியல் இறுதியில் சில வரிகளாக வந்து போகும். அந்த வரிகளைப் படியுங்கள். பில்டு செய்த பைத்தானை அந்தக் கோப்புறையிலிருந்தே ஓட்ட வேண்டும். மேக் கணினியில் அதன் பெயர் ‘இஎக்ஸ்இ’ என்ற விண்டோஸ் பாணி நீட்சியுடன் இருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம்: மூலநிரலில் ‘பைத்தான்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை இருப்பதும், மேக்கின் கோப்பமைப்பு இயல்பாகவே பெரிய, சிறிய எழுத்துகளை வேறுபடுத்தாததும்தான் அதற்குக் காரணம்.

பின்னர் சோதனைகள். முழுத் தொகுப்பையும் ஒருமுறை ஓட்டி, முடிவை ஒரு கோப்பில் சேமியுங்கள். ஒன்றிரண்டு தோல்வியடைந்தால் அவை கணினியின் மொழியமைப்பு, நேர வலயம், இணைய இணைப்பு ஆகியவற்றை நம்பியவையாக இருக்கக்கூடும். அதே கமிட்டுக்குத் திட்டத்தின் தானியங்கிச் சோதனை என்ன சொல்கிறது என்று தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் தோல்வி என்றால் அது திட்டத்தின் சிக்கல். உங்களிடம் மட்டும் என்றால் சூழலில் ஏதோ குறைகிறது. நீங்கள் தொடப்போகும் பகுதிக்குரிய சோதனைகளை மட்டும் தனியே ஓட்டும் வழியையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் நாள் முழுவதும் ஓட்டப்போவது அவற்றைத்தான்.

மிகப் பெரிய திட்டங்களுக்குத் திட்டமிடல் தேவை. குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியத்தின் வழிகாட்டி குறைந்தது 100 ஜிபி காலி இடம் வேண்டும் என்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் ‘மாக் பூட்ஸ்ட்ராப்’ கட்டளை தேவையானவற்றை எல்லாம் கேட்டுக் கேட்டு நிறுவித் தரும். இடைமுகத்தில் மட்டும் மாற்றம் செய்பவர்கள் ‘ஆர்டிஃபேக்ட்’ பில்டைத் தேர்ந்தால், கம்பைல் செய்யப்பட்ட சி++, ரஸ்ட் பகுதிகள் தயாராகவே பதிவிறங்கும். சி, சி++ திட்டங்களில், முன்பு கம்பைல் செய்தவற்றைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் ‘சிகேஷ்’ கருவியை முதல் பில்டுக்கு முன்பே அமைத்துவிடுங்கள். முதல் பில்டில் பலன் தெரியாது, கிளை மாறி மாறி வேலை செய்யும்போது தெரியும்.

இவை முடிந்ததும், சூழல் உண்மையிலேயே தயாரா என்று அறிய ஒரு சிறிய சோதனை போதும். நிரலில் பயனர் கண்ணில் படும் ஏதாவது ஒரு செய்தியை வேண்டுமென்றே மாற்றி, மீண்டும் பில்டு செய்து, ஓட்டிப் பாருங்கள். மாற்றம் தெரியவில்லை என்றால், நீங்கள் ஓட்டுவது வேறெங்கோ நிறுவப்பட்ட பதிப்பு. கட்டளை எந்தப் பாதையிலிருந்து வருகிறது என்று தேடுங்கள். மாற்றம் தெரிந்தால், அடுத்து ஒரு சோதனையை வேண்டுமென்றே உடைத்து, அது தோல்வியைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். பிறகு ‘கிட் ரிஸ்டோர்’ மூலம் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, கமிட்டுக்கு முன் நிரலைச் சரிபார்க்கும் ‘பிரீ-கமிட்’ அமைப்பு களஞ்சியத்தில் இருந்தால் அதையும் நிறுவிக்கொள்ளுங்கள். நிரல் பாணியைப் பற்றிய திருத்தங்கள் மதிப்பாய்வுவரை செல்லாமல் உங்கள் கணினியிலேயே தீர்ந்துவிடும்.

இந்த வழியில் ஆவணத்தில் விடுபட்ட தொகுப்பின் பெயரோ, மாறிப்போன கட்டளையோ கண்ணில் பட்டிருந்தால், அதைச் சரிசெய்து தனிக் கமிட்டாக அனுப்புங்கள். சூழலை அண்மையில் வெறும் தரையிலிருந்து அமைத்தவர் நீங்கள் என்பதால், அந்தக் குறைகள் பராமரிப்பாளரைவிட உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

சூழலைப் பேணுதல்

ஒவ்வொரு முறை வேலையைத் தொடங்கும்போதும் அப்ஸ்ட்ரீமின் புதிய கமிட்டுகளை ‘கிட் ஃபெட்ச்’ மூலம் எடுத்து, உங்கள் கிளையை அவற்றின் மேல் ‘ரீபேஸ்’ செய்யுங்கள் (அதாவது, உங்கள் கமிட்டுகளை அவற்றுக்குப் பின் மீண்டும் அடுக்குங்கள்). சில திட்டங்கள் மதிப்பாய்வு தொடங்கிய பின் ரீபேஸ் செய்வதை விரும்புவதில்லை என்பதால் வழிகாட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டுக் கோப்போ சார்புப் பட்டியலோ மாறியிருந்தால் நிறுவும் கட்டளையை மீண்டும் ஓட்ட வேண்டும். நேற்றுவரை தேறிய சோதனை இன்று காரணமின்றித் தோல்வியடைந்தால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான். அதற்கும் மசியாத விந்தையான பிழைகளுக்குப் பழைய பில்டின் எச்சங்கள் காரணமாக இருக்கலாம். ‘கிட் கிளீன்’ கட்டளை, விலக்கிவைத்த கோப்புகளையும் சேர்த்து நீக்கும் விருப்பங்களுடன், கிட் கண்காணிக்காத அனைத்தையும் களஞ்சியத்திலிருந்து துடைத்துவிடும். கிட்டில் இன்னும் சேர்க்காத உங்கள் புதிய கோப்புகளும், மெய்நிகர்ச் சூழலும் அதனுடன் போய்விடும் என்பதால், எதையும் அழிக்காமல் பட்டியலை மட்டும் காட்டும் ‘என்’ விருப்பத்துடன் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு உண்மையாக ஓட்டுங்கள்.